ஈரத்துக்குக் கழிவு

எங்க வீட்டுக்காரருக்கு கீரமங்கலத்துல ஒரு பூக்கடையில எடை போடுற வேலை. இருபத்தாறு வருசமா அதே கடை, அதே தராசு மேடை. விடிஞ்சதும் சுத்துப்பட்டு ஊர்லயிருந்து பையும் சாக்குமா மல்லிகை, முல்லை, கனகாம்பரம்னு கொண்டாந்து அவரு முன்னால வைப்பாங்க. இவரு பைக்குள்ள கையை விட்டு, அடியிலயிருந்து ஒரு புடி அள்ளி, உள்ளங்கையில லேசா ஒரு அமுக்கு அமுக்குவாரு. "நானூறு கிராம் தண்ணி"ம்பாரு. தராசு காட்டுற எடையில நானூறைக் கழிச்சுட்டுத்தான் நோட்டுல ஏறும். கடையில அதுக்கு ஈரத்துக்குக் கழிவுன்னு பேரு.

பூ வாடாம இருக்கத் தண்ணி தெளிக்கிறது எல்லாரும் செய்யிறதுதான். தெளிக்கிறேன்னு சொல்லிக் குளிப்பாட்டியே கொண்டாரவங்களும் உண்டு. அதுல ஒரு முல்லைக்கார அம்மா பெரிய கெட்டிக்காரி. பை சொட்டச் சொட்டத்தான் வரும். "ஒங்க கையி என்ன மிசினா தம்பி, வச்ச ஒடனே சொல்லுது?"ன்னு சண்டைக்கு நிக்கும். "உதறிக் காயப்போட்டு நிறுத்துப் பாப்பமா ஆத்தா?"ன்னு இவரு கேப்பாரு. ஒரு தடவை நெசமாவே காயப்போட்டு நிறுத்தாங்க. பத்து கிராம் கூட வித்தியாசம் வரலை. அதுக்கப்புறமும் அந்தம்மா தண்ணி ஊத்துறதை விடலை, இவரும் கழிக்கிறதை விடலை.

நான் வீட்டுல ப்ளவுஸ் தைக்கிறவ. எனக்கு வாய் நீளம்னு ஊருக்கே தெரியும், நானா ஒத்துக்கிறதுல கொறைச்சல் ஒண்ணுமில்ல. அவரு நேர் எதிர். கல்லுளிமங்கன். பத்து கேள்வி கேட்டா ஒண்ணுக்குப் பதில் வரும்.

பதினெட்டு வருசமா அவருக்கு சுகர். அது மெல்ல கிட்னியைத் தின்னு, மூணு வருசத்துக்கு முன்னால டயாலிசிஸ்ல கொண்டு போய் விட்டுச்சு. வாரத்துக்கு மூணு நாள் புதுக்கோட்டையில ஒரு சென்டருக்குப் போகணும். காலையில வரத்துப் பூ மொத்தத்தையும் நிறுத்துக் குடுத்துட்டு, பத்து மணி பஸ்ஸைப் புடிச்சு, ஆலங்குடி வழியா போய், நாலு மணி நேரம் மிசின்ல படுத்துக் கெடந்துட்டு, பொழுது சாய வீட்டுக்கு வருவாரு. மறுநாள் விடியக்காலம் மறுபடி தராசுல நிப்பாரு. ஒரு நாள் மொணங்கிக் கேட்டதில்ல. நானா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பேன்.

கடையில யாராச்சும் டயாலிசிஸ்னா என்னன்னு கேட்டா அவரு சொல்ற விதமே தனி. "ஒண்ணுக்குப் போகாததால குடிக்கிற தண்ணியெல்லாம் ஒடம்புலயே தங்கிருதுப்பா. தண்ணி தங்காம இருந்தா நான் எத்தனை கிலோ இருக்கணுமோ, அதை ட்ரை வெயிட்டுன்னு எழுதி வச்சிருக்காங்க. எனக்கு அறுபத்திரெண்டு. போன ஒடனே எடை போடுவாங்க. அறுபத்திரெண்டுக்கு மேல எம்புட்டு இருக்கோ அம்புட்டும் தண்ணி, மிசின் உறிஞ்சிரும். எனக்கே ஈரத்துக்குக் கழிவு போட ஆள் வந்தாச்சு." சொல்லிட்டு அவரே சிரிச்சுக்குவாரு.

காலு போனதுக்குக் காரணம் ஒரு குண்டூசி. அது என் குண்டூசி. ப்ளவுஸுக்கு மடிப்புக் குத்தி வச்சிருந்தது கீழ விழுந்து, அவரோட ரப்பர் செருப்புல ஏறியிருக்கு. சுகர்ல பாதம் மரத்துப் போனவருக்குக் குத்துனது தெரியலை. ஒரு நாள் முழுக்க அதோடயே நின்னு எடை போட்டுட்டு வந்திருக்காரு. சாயங்காலம் காலைக் கழுவி விடறப்பத்தான் ஊசித் தலை மினுக்குனதை நான் பாத்தேன். மருந்து போட்டோம், கட்டுனோம், ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். புண்ணு விரலைத் தின்னு, பாதத்தைத் தின்னு, ஆவணி மாசம் திருச்சியில முழங்காலுக்குக் கீழ இடது காலை எடுத்துட்டாங்க.

ஊசி யாரோடதுன்னு அவரு ஒரு நாளும் பேசலை. கண்ணு முழிச்சு, கட்டுப் போட்ட காலை ஒரு பார்வை பாத்துட்டு டாக்டர்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? "எடுத்த காலை எடை போட்டீங்களா சார்? எத்தனை கிலோ இருந்துச்சு?" டாக்டர் சிரிச்சுட்டாரு. "கேக்குற கேள்வியைப் பாரு, வாயைக் கழுவுங்க"ன்னு நான் அதட்டுனேன். தொழில் புத்தி, போகாதுல்ல.

ஊருக்கு வந்ததும் கடை மொதலாளி பாக்க வந்தாரு. நல்ல மனுசன். அவசரத்துக்கு வேற ஒரு ஆளைத் தராசுல நிறுத்தியிருந்தாரு. "மாசி பொறந்து பூ வரத்து ஏறிட்டா கூட்டம் தாங்காது. அதுக்குள்ள நீங்க எந்திரிச்சு நின்னுட்டா எடம் ஒங்களுக்குத்தான். அதுக்கு மேலன்னா எனக்கும் வேற வழியில்ல"ன்னு நேருக்கு நேராவே சொன்னாரு. எடை போடுறது உக்காந்து பாக்குற வேலை இல்ல. குனிஞ்சு பைக்குள்ள கையை விடணும், தூக்கி வைக்கணும், எறக்கணும். அதனால செயற்கைக் கால் போட்டே ஆகணும். மாசிக்குள்ள கால், அது ஒண்ணுதான் எங்க வீட்டுல பேச்சு. அவரு பேசலைன்னாலும் காலண்டரைத்தான் பாத்துக்கிட்டிருப்பாரு.

ஐப்பசி கடைசியில புண்ணு ஆறிருச்சு. கால் செய்யிற இடத்துக்குத் திருச்சிக்குப் போனோம். அங்க இருந்தவரு வெட்டுனது போக முழங்காலுக்குக் கீழ நின்ன மிச்சக் காலைத் தொட்டு அமுக்கிப் பாத்தாரு. அமுக்குன எடத்துல குழி விழுந்து அப்படியே நின்னுச்சு. "வீக்கம் வத்தணும்மா. இப்ப அளவெடுத்தா பின்னால லொடலொடன்னு ஆயிரும்"னு திருப்பி அனுப்பிட்டாரு. பாஞ்சு நாள் கழிச்சுப் போனோம். வீக்கம் கூடித்தான் இருந்துச்சு. மறுபடி திருப்பிட்டாரு.

வீக்கம்னா தண்ணி. தண்ணின்னா குடிச்சிருக்காரு. எனக்கு வேற எப்படி யோசிக்கத் தெரியும்? ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம்னு கண்டிசன். கோடு போட்ட பாட்டில்ல நானே ஊத்தி வப்பேன். போன கோடையில சர்பத் கடை வாசல்ல ஐஸ்கட்டியை வாயில ஒதுக்கிக்கிட்டு நின்னு என்கிட்ட மாட்டுனவருதானே இவரு. தெனமும் காலையில என் தையல் டேப்பை எடுத்து மிச்சக் காலைச் சுத்தி அளவெடுப்பேன். கால் இஞ்ச் கூடும். மறுநாள் இன்னும் கொஞ்சம். டேப்பை அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இது எங்கயிருந்து வந்துச்சு? வானத்துலயிருந்தா?"ன்னு கேப்பேன்.

"குடிக்கலடி"ம்பாரு.

"குழாயடிக்கு வாக்கரைத் தள்ளிக்கிட்டுப் போனீங்கள்ல, நான் பாத்தேன்."

"மூஞ்சி கழுவப் போனேன்."

"மூஞ்சி கழுவுனீங்களா, வயித்தைக் கழுவுனீங்களா?"

செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. மொகம் ஊதியிருந்துச்சு. நாலு வார்த்தை சேந்தாப்புல பேசுனா இருமல். படுத்தா மூச்சு முட்டுதுன்னு தலகாணியை அடுக்கிச் சாஞ்சே கெடந்தாரு. அதைப் பாக்கப் பாக்க எனக்குப் பயம் கூடுச்சு. பயம் கூடக் கூட வாயும் நீளுச்சு. ஒரு நாள் தண்ணிக் குடத்தை எடுத்துத் தையல் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிச் சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். ஒரு ஊசியைக் கீழ போட்டு வச்சது போதாதுன்னு இதையும் செஞ்சேன். பூட்டுற சத்தத்தைக் கேட்டு அவரு திரும்பிப் பாத்தாரு.

சென்டர்லயோ கதை வேறயா இருந்துச்சு. சக்கர நாற்காலியோட எடை மேடையில ஏத்துவாங்க. நாற்காலி எடையைக் கழிச்சா அறுபத்தொண்ணரை வரும். "ட்ரை வெயிட்டுக்கும் அரைக் கிலோ கம்மியா இருக்கீங்க அய்யா. நல்லாச் சாப்பிட்டுத் தேறுங்க"ன்னு மிசின் பாக்குற தம்பி சொல்லும். எடை கம்மியா இருக்கறவர்கிட்ட என்னத்தை எடுக்கறது? பேருக்கு ஒரு லிட்டர் எடுத்து விட்டுருவாங்க. வாரம் ஒரு தடவை வர்ற டாக்டர் இவரு மொகத்தைப் பாத்துட்டு, "தண்ணி அதிகமாக் குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டாரு. அவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "ஆமா சார், கண்டிச்சுச் சொல்லுங்க, என் பேச்சு எடுபடலை." டாக்டர் கண்டிச்சுட்டுப் போயிட்டாரு. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. என் மேல கோவப்பட்டிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும்.

கார்த்திகையில ஒரு நாள். மேடையில நாற்காலியை ஏத்துனாங்க. எழுபத்தெட்டரைன்னு காட்டுச்சு. அந்தத் தம்பி வாய்விட்டுக் கணக்குப் போட்டுச்சு. "நாற்காலி பதினேழு. கழிச்சாச்சு. அறுபத்தொண்ணரை."

"கழிச்சாச்சு"ன்னு எங்க வீட்டுக்காரரு மெல்லத் திருப்பிச் சொன்னாரு. கீழ எறக்க வந்த தம்பி கையைப் புடிச்சு நிறுத்துனாரு.

"தம்பி, அந்த அறுபத்திரெண்டு எப்ப எழுதுனது?"

"உங்க ஃபைல்ல இருக்கறதுதான் அய்யா. போன வருசத்துலயிருந்து அதான்."

"போன வருசம் எனக்கு எத்தனை கால்?"

அந்தத் தம்பிக்குப் புரியலை. எனக்கும் புரியலை. இவரு மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சாரு. "சக்கர நாற்காலியைக் கழிச்சீங்க, சரி. ஆவணியில ஒரு காலை வெட்டி எடுத்தாங்களே, அதை எங்க கழிச்சீங்க? ரெண்டு காலோட நான் அறுபத்திரெண்டு. ஒத்தைக் காலோடயும் அறுபத்திரெண்டுன்னா, அந்தக் கால் இருந்த எடத்துல என்ன இருக்கு?"

பதிலையும் அவரே சொன்னாரு. "தண்ணிதான் இருக்கு. இல்லாத கால்ல விரல் அரிக்குதுன்னு நானே அப்பப்பக் கையைக் கொண்டு போவேன். எனக்கு மட்டும்தான் அந்தக் கால் இன்னும் இருக்கற மாதிரி தோணுதுன்னு நெனச்சேன். ஒங்க ஃபைலுக்கும் அப்படித்தான் தோணுது போலயே."

அந்தத் தம்பி மொகம் செத்துப் போச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் திருச்சியிலயே மூணு வாரம் டயாலிசிஸ் பண்ணி அனுப்பியிருந்தாங்க. இங்க வந்ததும் பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்து, அதுல இருந்ததையே தொடர்ந்துட்டாங்க. இத்தனை பேரு சுத்தி நின்னோம். ஒருத்தருக்கும் தோணலை. தெனம் அளவெடுக்கறேன்னு டேப்பைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச எனக்குத் தோணுச்சா?

அந்தத் தம்பியை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை அவரு. குனிஞ்சு, வெட்டாத வலது காலை முழங்காலுக்குக் கீழ ரெண்டு கையாலயும் ஏந்திப் பாத்தாரு. பூவைப் பாக்கற அதே தோரணை. கண்ணை மூடிக்கிட்டாரு. "பாதத்தோட சேத்து இது ரெண்டே முக்கால் கிலோ. அங்கிட்டு எடுத்ததும் அதே அளவுதான் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில கெடந்து கரைஞ்ச சதை ஒண்ணரைக் கிலோ. எல்லாம் கழிச்சா என் எடை அம்பத்தேழே முக்கால். டாக்டருக்குப் போனைப் போடுங்க தம்பி."

டாக்டர் அன்னிக்கே வந்தாரு. ஸ்டெத்தை நெஞ்சுல வச்சுக் கேட்டாரு, படம் எடுத்தாரு. "தப்பு எங்க பக்கம்தான்"னு சொன்னாரு, அதுக்கு அவரைப் பாராட்டணும். ஒரேயடியா எடுத்தா நெஞ்சு தாங்காதுன்னு, ஒவ்வொரு தடவையும் கூடுதலா அரைக் கிலோன்னு எடுக்க ஆரம்பிச்சாங்க. சும்மா இல்ல. கெண்டைக்கால் இழுத்துப் புடிக்கும், பிரஷர் எறங்கும், சுகர் எறங்கி வேர்த்து ஊத்தும். நான் சர்க்கரையைக் கையில வச்சுக்கிட்டே பக்கத்துல நிப்பேன். அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு மிசின்ல ஓடுற நம்பரையே பாத்துக்கிட்டிருப்பாரு. கடைசியா டாக்டர் எழுதுன ட்ரை வெயிட் அம்பத்தெட்டு. "நீங்க சொன்னதுக்குக் கால் கிலோதான் அய்யா வித்தியாசம்"னு அந்தத் தம்பி ஆச்சரியப்பட்டுச்சு. "கால் எடைதானப்பா இம்புட்டு வம்புக்கும் காரணம்"னாரு இவரு. வார்டே சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரலை.

எனக்குச் சிரிப்பு வராததுக்குக் காரணம் அந்தக் குடம். எதனால மூச்சு முட்டுதுன்னு தெரியாம ஒரு மனுசன் கெடந்தப்ப, நான் திருடனைப் பாக்கற மாதிரி பாத்திருக்கேன். அவரு சொன்னது ஒரே வார்த்தை, குடிக்கலடி. அதையாவது நம்பியிருக்கலாம். புண்ணு வந்தப்ப ஊசி யாரோடதுன்னு கேக்காத மனுசன்கிட்ட நான் தெனம் கணக்குக் கேட்டிருக்கேன். வீட்டுக்கு வந்ததும் ரூமைத் தொறந்து, குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்து அவரு கட்டில் பக்கத்துலயே வச்சேன். வாயைத் தொறந்தா பேச்சு வரலை, எனக்கு! அழுகைதான் வந்துச்சு.

"என்னை மன்னிச்சுருங்க"ன்னேன்.

"ஒன் டேப்பு சரியாத்தான் சொல்லுச்சு. வீக்கம் வீக்கம்னு தெனம் கத்துச்சு. நீதான் அதை என் மேல கேஸு போட எடுத்துக்கிட்ட"ன்னாரு. அப்புறம், "அழுது மூக்கைச் சிந்தாத, தண்ணி வேஸ்ட்டாகுது. எனக்காவது குடு"ன்னாரு. நான் அழுதுக்கிட்டே அவரு தோள்ல ஒரு அடி போட்டேன். குடம் அங்கயேதான் இருந்துச்சு. முக்கால் லிட்டருக்கு மேல ஒரு மடக்கு அவரு தொட்டதில்ல.

தை பொறக்கறப்ப மிச்சக் கால்ல ஒண்ணே கால் இஞ்ச் கொறைஞ்சிருந்துச்சு. திருச்சிக்காரரு அமுக்கிப் பாத்தாரு. குழி விழலை. அளவெடுத்தாரு. தை கடைசியில கால் வந்துச்சு. ஆனா டயாலிசிஸ் ஒடம்பு ஒரே அளவா நிக்காது. மிசினுக்குப் போறதுக்கு மொதநாள் தண்ணி ஏறிக் கால் இறுக்கிப் புடிக்கும். போய்ட்டு வந்த மறுநாள் லூஸாகி ஆடும். அதுக்கு மிச்சக் காலுக்கும், அது உள்ள உக்கார்ற செயற்கைக் கால் கிண்ணத்துக்கும் நடுவுல துணி உறை போடணும். கடையில வாங்குனது உறுத்துச்சு, தோல் செவந்துச்சு. நான் பழைய வேட்டியைக் கிழிச்சு, மடிப்பே இல்லாம, தையல் வெளிப்பக்கமா வர்ற மாதிரி தச்சேன். ஏறுன நாளைக்கு ஒண்ணு, எறங்குன நாளைக்கு ரெண்டு. ஒவ்வொண்ணு தச்சு முடிச்சதும் ஊசி பாக்கியிருக்கான்னு உள்ளங்கையால மூணு தடவை தடவிப் பாப்பேன். இப்பவும் அப்படித்தான்.

தையல் மிசின்லயிருந்து வாசப்படி வரைக்கும் நடந்து பழகுனாரு. ரெண்டு தடவை விழுந்தாரு. ஒரு தடவை என் மேலயே விழுந்தாரு. "எடை எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு, விழுந்த எடத்துலயிருந்தே. இந்த மனுசனை என்ன சொல்லித் திட்டறது?

மாசி மூணாந்தேதி கடைக்குக் கெளம்புனாரு. மொதநாள்தான் டயாலிசிஸ் முடிஞ்சிருந்துச்சு. உறை ரெண்டு போட்டு விட்டு, பையில இன்னொண்ணும் வச்சுக்கிட்டு நானும் கூடவே போனேன். மேடைக்கு ஒரு படி. யாரும் கை குடுக்க வேணாம்னு சைகை காட்டிட்டு, தராசுக் கம்பியைப் புடிச்சு ஏறி நின்னாரு. அப்புறம் யாரோ பையை நகட்டி வச்சாங்க, இவரு குனிஞ்சு கையை விட்டாரு, வேலை ஆரம்பிச்சுருச்சு. எனக்கு அவரு மொகத்தைப் பாக்கத் தெம்பில்ல. நான் அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் அந்த முல்லைக்கார அம்மா வந்துச்சு. இந்த ஆறு மாசமா தராசுல நின்ன புது ஆளுக்குக் கைநெதானம் கெடையாது. அந்தம்மா காட்டுல ஒரே மழைதான். அன்னிக்கும் பை வழியத் தண்ணி சொட்ட, வரிசையை இடிச்சுக்கிட்டு முன்னால வந்துச்சு. தலையைத் தூக்கிப் பாத்துச்சு. அப்படியே நின்னுச்சு.

"அடி ஆத்தாடி! வந்துட்டீங்களா தம்பி?"

"வந்துட்டேன் ஆத்தா. பையை வையிங்க."

அந்தம்மா வைக்கலை. பையை இடுப்போட அணைச்சுக்கிட்டு வந்த வழியே திரும்பிக் கடைப் படியெறங்குச்சு. வாசல்ல வெயில் விழற எடமாப் பாத்து முந்தானையை விரிச்சு, பை முழுக்க முல்லையைக் கொட்டி, ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி உதறுச்சு. வாய் சும்மா இல்ல. "ஒரு நாள் முன்னாலயாவது சொல்லியனுப்பக் கூடாதா? இப்படியா வந்து நிப்பாங்க? பாவி மனுசன், கையை விட்டுருவாரே." கடை முழுக்கச் சிரிப்பு. மொதலாளி கல்லாவுல உக்காந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. நானும் சிரிச்சேன். அவரு காலை எடுத்துட்டு வந்த நாளுலயிருந்து நான் சிரிச்சதே இல்லைங்கறது அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

அந்தம்மா உதறி முடிச்சுப் பையைக் கொண்டாந்து மேடையில வச்சுச்சு. இவரு குனிஞ்சாரு. கால் லேசா ஒரு ஆட்டம் ஆடி நின்னுச்சு. அடியிலயிருந்து ஒரு புடி அள்ளி உள்ளங்கையில அமுக்குனாரு.

"இருவது கிராம்."

"அது பனி தம்பி! மாசிப் பனி!"

"பனிக்கும் கழிவு உண்டு ஆத்தா."

கால் ஆடுனதை நான் பாத்துட்டேன். பையிலயிருந்து மூணாவது உறையை எடுத்துக்கிட்டு மேடைக்கிட்ட போனேன்.